ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு

விடிகாலை நாலே முக்காலுக்குப் பேருந்து கிளாம்பாக்கத்தில் நின்றது. "சென்னை வந்துட்டேன்" என்று போன் போட்டேன். "கிளாம்பாக்கம் சென்னை இல்லடா. அங்கருந்து சென்னைக்கு இன்னொரு பஸ் பிடிக்கணும்" என்றான் செஞ்சி, தூக்கக் கலக்கத்திலும் விடாமல். அவன் குடியிருப்பது தாம்பரத்தில். தாம்பரம் சென்னையா என்று கேட்டால் அதற்கும் அவனிடம் நேரான பதில் கிடையாது. 2021இலிருந்து மாநகராட்சி தனி, அடுத்த ஆண்டிலிருந்து போலீஸ் கமிஷனர் தனி, மாவட்டமோ செங்கல்பட்டு. ஆனால் வீட்டு விசேஷப் பத்திரிகையில் 'தாம்பரம், சென்னை' என்றுதான் அச்சடிப்பான்.

செஞ்சி என்பது ஆள் பெயரல்ல, ஊர்ப்பெயர். எங்கள் பொறியியல் கல்லூரி விடுதியில் எல்லோரையும் ஊரை வைத்துத்தான் கூப்பிடுவோம். இன்னொருவன் உடன்குடி. நான் மதுரை. பதினைந்து வருஷம் ஆகியும் அந்தப் பெயர்கள் உதிரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு நான் மதுரையிலேயே உட்கார்ந்து நிரல் எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் முகம் காட்ட வேண்டும். அந்தச் சாக்கில் இரண்டு நாள் தாம்பரத்தில் தங்குவேன். தின்போம், பேசுவோம், சண்டை போடுவோம்.

போன சித்திரையில் வந்தபோது போட்ட சண்டை இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சண்டையின் கேள்வி சின்னது: ஒரு ஊருக்கு விருந்தாளியாகப் போகிறவன் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், அந்த ஊர்க் குடியைக் குடிக்க வேண்டும் என்கிறார்களே, தாம்பரத்தில் 'அந்த ஊர்' சாப்பாடு எது? 'அந்த ஊர்' குடி எது?

முதலில் சாப்பாடு. "தாம்பரத்துல என்னடா இருக்கு? மைலாப்பூர் போலாம், திருவல்லிக்கேணி போலாம், சௌகார்பேட்டை போலாம்" என்று செஞ்சி போனைத் தடவினான். அதில் ஒரு பட்டியல். சென்னையில் சாகும் முன் சாப்பிட வேண்டியவை இத்தனை என்று யாரோ ஒருவர் ஒரு நிமிட வீடியோவில் மூச்சு விடாமல் அடுக்குகிறார். பட்டியலில் இருந்த இடமெல்லாம் கிண்டிக்கு வடக்கே. தெற்கே லட்சக்கணக்கான பேர் மூன்று வேளையும் எதையோ தின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அது பட்டியலில் ஏறாது. 'அசல்' இல்லையாம்.

இந்த அசல் பைத்தியத்தோடு எனக்குப் பகை உண்டு. பழைய சென்னையின் அசல் என்று கொண்டாடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் டிஃபன், டபராவில் காபி என்ற அந்த ஓட்டல் பண்பாட்டின் பெரும்பகுதி உடுப்பியிலிருந்து வந்தது. கிருஷ்ணராவ் என்ற உடுப்பிக்காரர் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலைத் தொடங்கியவர் அதற்கு முன்பு கொழும்பில் ஓட்டல் நடத்தியவர். பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் கிடைக்கும் அத்தோ, 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்தது. உலகமெங்கும் சென்னைச் சாப்பாட்டின் அடையாளமாகிப்போன சரவண பவன் 1981இல் கே.கே. நகரில் திறக்கப்பட்டது. திறந்தவர் தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னையடிக்காரர், எங்கள் உடன்குடிக்குப் பக்கத்து ஊர்.

வந்தவர்கள் சமைத்தது, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தின்றது, ஐம்பது வருஷம் கழித்து அதற்கு 'அசல்' என்று பெயர். தாம்பரத்தில் அதே காரியம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஐம்பது வருஷம் ஆகவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கடைசியில் செஞ்சி வழிக்கு வந்தான். இரண்டு நாளும் தாம்பரத்தை விட்டு எங்கும் போகவில்லை. மேற்கே சண்முகம் சாலைக் கடைத்தெருவில் நடந்தோம். முடிச்சூர் சாலையில் ஒரு விருதுநகர்க்காரர் கடையில் எண்ணெய்ப் பரோட்டா. சானடோரியம் பக்கம், ஏற்றுமதி வளாகத்தில் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் ஐந்து நிமிஷத்தில் தின்றுவிட்டு ரயிலுக்கு ஓடும் கையேந்தி பவனில் இட்லியும் வடைகறியும். கிழக்கே கேம்ப் ரோட்டில் ஒரு பாய் கடை பிரியாணி. அதற்கு எதிரில் ஒரு ஒடிசாப் பையனின் பானிபூரி வண்டி. அவனிடம் கட்டட வேலைக்கு வந்த அவன் ஊர்க்காரர்களும் நிற்கிறார்கள், டியூஷன் முடிந்து வரும் சேலையூர்ப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். "அண்ணா, காரம் கம்மி" என்று பிள்ளைகள் சொல்ல, "கம்மி, கம்மி" என்று அவன் தமிழில் தலையாட்டுகிறான்.

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது முதல் இந்த ஊருக்கு வேலை ஒன்றுதான்: வருகிறவனை வாங்கிக்கொள்வது. நெஞ்சு நோய்க்குக் காற்றுத் தேடி வந்தவர்கள், கிறித்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர்கள், விமானப் படைக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், எங்களைப்போல மென்பொருள் கூலிகள். இங்கே உள்ளூர்ச் சாப்பாடு எது என்பதற்கு என் அளவுகோல் எளியது. அந்த ஊரில் வேலை செய்கிறவன், சுற்றுலாக்காரனுக்காக அல்லாமல் தன் பசிக்காக, தன் கைக்காசில், வாரத்துக்கு நாலு தடவை எதைத் தின்கிறானோ அது உள்ளூர்ச் சாப்பாடு. மண்ணைக் கேட்காதே, வாடிக்கையாளனைக் கேள். அப்படிப் பார்த்தால் சால்னா ஊற்றிய பரோட்டா தாம்பரத்துச் சாப்பாடு. பானிபூரியும் தாம்பரத்துச் சாப்பாடுதான்.

இதுவரை மூன்று பேருக்கும் சண்டை இல்லை. சாயங்காலம்தான் ஆரம்பித்தது.

உடன்குடியின் அப்பா கண் புரை அறுவைக்காக மகன் வீட்டுக்கு வந்திருந்தார். வலது கண் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். முப்பத்தைந்து வருஷம் பனையேறி. நெஞ்சிலும் முன்னங்கையிலும் மரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்த தோல். "வாங்க தம்பி, சொகமா இருக்கியளா?" என்று கையைப் பிடித்தார். அந்தக் கைக்குள் என் கை, விசைப்பலகை தட்டிய கை, பச்சைப்பிள்ளையின் கைபோல இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் காற்றாட நடக்கலாம் என்றார். மாடம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போனோம். அங்கே பனைகள் நின்றன. சாகுபடி இல்லாமல், சொந்தக்காரன் இல்லாமல், அடுக்குமாடிகளுக்கு நடுவே மீந்துபோன பனைகள். ஒன்றின் அடியில் போய் நின்று அப்பா அண்ணாந்து பார்த்தார். ஒரு கண்தான் தெளிவு. ஆனாலும் பார்த்துவிட்டார். "பாளை விட்டுருக்கு. ஒரு அருவா படல. இப்படி ஒரு மரத்த எங்க ஊர்ல சும்மா விடமாட்டோம்" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "இப்ப எங்க ஊர்லயும் சும்மாதான் நிக்கி" என்றார்.

திரும்பி வரும் வழியில் உடன்குடி எனக்கு ஒரு விஷயம் சொன்னான். பதினைந்து வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக. அவன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் காலை அப்பா இறக்கிவந்த பதனியில் இரண்டு கலயம் புளித்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கலயத்துக்குத் தடவச் சுண்ணாம்பு பற்றவில்லை. வழியில் பிடித்தார்கள். கள் இறக்கியதாக வழக்கு. ஒரு காவல் நிலையத்தில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் இவனைக் 'கள்ளன் மகன்' என்றார்கள். கள் இறக்கியவனையும் களவாடியவனையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட கேலி. "அந்த வருசம்தான்ல நான் நல்லாப் படிக்க ஆரம்பிச்சேன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பனம்பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதமாக்கி, நுனியைச் சீவிவிட்டால் சாறு சொட்டும். அதைப் பிடிக்கக் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்கும், சில மணி நேரத்தில் அது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம், ஒரே ஆள். பதநீர் என்றால் ஆரோக்கிய பானம், பாரம்பரியம், அமைச்சர்கள் குடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். கள் என்றால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். குற்றத்துக்கும் பாரம்பரியத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. என் தொழிலில் ஒரே ஒரு பிட் மாறினால் நிரலே கவிழும். இங்கே மனிதர்கள் கவிழ்கிறார்கள்.

ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்தோம். உடன்குடி ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தான். லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருந்தது. கள்ளில் இருப்பது பெரும்பாலும் ஐந்து சதவீதத்தை ஒட்டி. இந்த பாட்டிலுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயரைத் தமிழர்கள் நின்று யோசிக்க வேண்டும்: 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மதுவகை'. பிராந்தி என்கிறார்கள். உலகத்தில் பிராந்தி என்றால் திராட்சையிலிருந்து வருவது. நம் கடைகளில் ஓடும் மலிவு பிராந்தியின் அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகிலிருந்து வடித்த சாராயச் சத்து. அதற்கு நிறமும் மணமும் ஏற்றுகிறார்கள். அயல்நாடும் இல்லை, பிராந்தியும் இல்லை. இதுதான் இந்த மாநிலம் தன் விருந்தாளிக்கு எடுத்து நீட்டும் குடி. இந்த மண்ணில் முளைத்த குடியோ குற்றம்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம்? 1937இல் ராஜாஜி அரசாங்கம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தியது, சில வருஷங்களில் அதே அரசு திரும்பக் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது. 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தை, அதாவது டாஸ்மாக்கை உண்டாக்கியது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை. பின்னால் வந்த ஆட்சியில் சாராயம் கொஞ்சகாலம் திரும்பி வந்து போனது. கள் திரும்பவேயில்லை. 2003இல் ஜெயலலிதா அரசு சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கிடம் கொடுத்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கடைக்கு ஆபத்து வரவில்லை. இப்போது அதிலிருந்து வரியாக மட்டும் வருஷத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தக் காலவரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று. இதில் எங்குமே குடி நிற்கவில்லை. 'யார் விற்கலாம்' என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பனையேறி விற்றால் வரி வசூலிப்பது கஷ்டம். மரம் மரமாக ஏறி யார் கணக்கெடுப்பது? கள் ஒரு நாளுக்கு மேல் தாங்காது, லாரியில் ஏற்றிக் கிடங்கில் அடுக்க முடியாது. பாட்டில் தாங்கும். பார்கோடு ஒட்டலாம். கட்சிக்காரன் ஆலை வைக்கலாம். கள்ளுக்குத் தடை வந்தது உடல்நலத்துக்காக என்பதை, ஐந்து சதவீதத்தைத் தடுத்துவிட்டு 42.8 சதவீதத்தைத் தானே முன்னின்று விற்கிற கையிடமிருந்து நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இந்த இடத்தில்தான் செஞ்சி எழுந்து உட்கார்ந்தான். அவன் குடிக்கமாட்டான். தட்டில் இருந்த கடலையை மட்டும் கொறித்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா குடிச்சது எல்லாமே லைசென்ஸ் உள்ள சரக்குதான்டா. ஒரு சொட்டு கள்ளச்சாராயம் கிடையாது. அம்பத்திரண்டு வயசுல ரத்த வாந்தி எடுத்துப் போயிட்டாரு. நீ இப்ப என்ன சொல்ற? அது தப்பு, அதனால இதையும் தொறன்னு சொல்றியா? தப்பா இருந்தா மூடச் சொல்லு. இன்னொண்ணத் தொறக்கச் சொல்லாத."

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவன் விடவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மரக்காணம் அவன் ஊருக்குத் தூரமில்லை. மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல். கள் மட்டும் யோக்கியமா? கேரளத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி நடக்கின்றன. அங்கேயே 2010இல் மலப்புரம் மாவட்டத்தில் விஷக் கலப்படக் கள் உயிர்களைக் குடித்தது. போதை ஏற்றக் கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலப்பது ஆந்திரப் பக்கம் தெரிந்த சங்கதி. "மரத்துலருந்து எறங்கற வரைக்கும்தான் அது உங்க பனையேறியோட கள்ளு. எறங்கின பிறகு ஏலம் எடுத்தவன் கள்ளு" என்றான்.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் 'கள் உணவு, போதையல்ல' என்று மேடையில் முழங்குகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. கள்ளில் போதை உண்டு. தினமும் குடித்தால் அதுவும் ஈரலைக் கெடுக்கும். கள்ளுக்கடைக்கு வெளியே காத்திருந்து அடி வாங்கிய பெண்கள் நம் பாட்டிமார்களில் நிறைய உண்டு. மாடிப் படியில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்த உடன்குடியின் மனைவி, இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "கள்ளோ பிராந்தியோ, மறுநாள் காலைல எழுந்திரிச்சு வேலைக்குப் போறது நாங்கதானே அண்ணா?" என்னைத்தான் அண்ணா என்றார். அடி எனக்குத்தான்.

ஆனால் செஞ்சியின் வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் மூடு என்கிறான். நாளைக்கே மூடட்டும், நான் கை தட்டுகிறேன். முழு மதுவிலக்கு வந்தால் கள்ளுக்கும் சேர்த்து வரட்டும், அது ஒரு நேர்மை. ஆனால் மூடப்போவதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் படிப்படியாக மூடுவோம் என்று வாக்குறுதி வரும், சில நூறு கடைகள் மூடப்படும், வருமானம் மட்டும் ஏறும். மூடப்படாத நாட்டில் கள்ளுத் தடை காப்பாற்றுவது யாரை? செஞ்சியின் அப்பாவை அது காப்பாற்றவில்லை. அவருக்குத் தெருமுனையில் 42.8 சதவீதம் கிடைத்தது. மரக்காணத்தில் செத்தவர்களையும் காப்பாற்றவில்லை. அந்த பாட்டிலுக்குக்கூடக் காசு பற்றாத கூலிக்காரர்கள்தான் பாக்கெட்டுக்குப் போகிறார்கள். மரக்காணம் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை. அங்கே கள்ளுக்கடை சட்டப்படி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பானம், இந்தப் பக்கம் குற்றம். தடை யாரையுமே காப்பாற்றவில்லை என்று சொல்லமாட்டேன். கடைக்குப் போட்டியில்லாமல் அது கடையைக் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொரு எதிர்வாதம் உண்டு, இது எனக்குள்ளேயே இருப்பது. நகரத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற நீ, இன்னொருவன் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிற சாதித் தொழிலை அழகு பார்க்கிறாயா? பனையேறியவர்களை இந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்று தெரியாதா? தெரியும். உடன்குடி அப்பாவின் இடது கால் கொஞ்சம் இழுக்கும். மரத்திலிருந்து விழுந்தது. 'என் மகன் பனை ஏறக்கூடாது' என்று நேர்ந்துகொண்டு படிக்க வைத்தவர் அவர். எந்தப் பனையேறி பிள்ளையும் திரும்பப் போய் ஏற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு தொழிலை மரியாதையோடு விட்டுப் போவது வேறு, குற்றவாளியாக்கித் துரத்துவது வேறு. உடன்குடி படித்து வேலைக்கு வந்தது முன்னேற்றம். அவன் அப்பா ஒரு ராத்திரி காவல் நிலையத்தில் உட்கார்ந்தது முன்னேற்றமா?

இதில் நகரத்தின் பாசாங்கு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டிலிருந்து வரும்போது எண்ணிப் பாருங்கள், எத்தனை 'கருப்பட்டி காபி' போர்டுகள். மண் குவளை, ஓலைக் கொட்டான், சுவரில் பனைமரப் படம். பனை நம் மாநில மரம். வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்கிறது அரசு. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மரத்துக்கு மரியாதை, ஓலைக்கு மரியாதை, கருப்பட்டிக்கு மரியாதை. ஏறுகிற ஆளுக்கு மட்டும் சந்தேகப் பார்வை. கலயத்தை முகர்ந்து பார்க்கிற போலீஸ். கருப்பட்டி காய்ச்ச விறகு வேண்டும், மணிக்கணக்கில் அடுப்படியில் பெண்கள் வேக வேண்டும். சீனி கலந்த போலிக் கருப்பட்டியோடு விலையில் போட்டி போட வேண்டும். பதநீர் அன்றைக்கே விற்றாக வேண்டும். கள் ஒன்றுதான் இறக்கிய இடத்திலேயே, காய்ச்சாமல், அப்படியே காசாகக்கூடியது. அதை எடுத்துவிட்டால் மரம் ஏறுவது கட்டுப்படியாகாது. ஏறாத மரம் செங்கல் சூளைக்குப் போகும். கலெக்டர் அனுமதி ஒரு தாள். மரத்தைக் காப்பது அதில் ஏறுகிறவனின் வருமானம்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்கிறாய் என்று செஞ்சி கேட்டான். ராத்திரி ஒரு மணி. நான் சொன்னதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஏலம் கூடாது. ஏலம் எடுத்தவன் வந்தால் கலப்படமும் வரும், செஞ்சி சொன்னது சரி. பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கம் மட்டுமே விற்கலாம். மரத்துக்கு எண் போடட்டும், அந்த எண்ணுக்கு இத்தனை லிட்டர் என்று அளவு இருக்கட்டும். இறக்கிய கிராமத்திலேயே, இறக்கிய அன்றே விற்றுத் தீர வேண்டும். லாரியில் ஏறினால் அது கள்ளல்ல, குற்றம். கலப்படத்துக்குச் சிறைத் தண்டனை. எங்கே விற்பது, எத்தனை மணிக்கு மூடுவது என்பதை அந்த ஊர்ப் பெண்கள் உட்கார்ந்த கிராமசபை முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வேண்டாம். ஒரு கள்ளுக்கடை திறக்கிற ஊரில் ஒரு டாஸ்மாக் கடை மூடியாக வேண்டும். கூட்டலாக அல்ல, மாற்றாக மட்டும்.

"டாஸ்மாக்க மூடறதுன்னா எனக்குச் சம்மதம்" என்றான் செஞ்சி. "ஆனா மூட மாட்டாங்க. உன் கள்ளத் தொறந்துட்டு அதையும் வச்சிப்பாங்க. அப்ப என்ன பண்ணுவ?" அந்தப் பயம் எனக்கும் உண்டு. அப்படி நடந்தால் அதை எதிர்த்தும் எழுதுவேன் என்றேன். "எழுது, எழுது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். அவன் சம்மதிக்கவில்லை. இதை எழுதும்வரை சம்மதிக்கவில்லை.

மறுநாள் காலை என்னைப் பேருந்து ஏற்ற அப்பாவும் கூடவே வந்தார். பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒருவர் சைக்கிளில் இரண்டு பிளாஸ்டிக் குடம் கட்டி, பனை ஓலையைச் செருகி, 'பதநீர்' என்று அட்டையில் எழுதி நின்றார். வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆளுக்கொரு குவளை. எனக்குத் தித்தித்தது, நன்றாகவே இருந்தது. அப்பா ஒரு மடக்குக் குடித்து, வாயில் கொஞ்சம் வைத்திருந்து, விழுங்கினார். மிச்சத்தைக் கீழே ஊற்றவில்லை. விற்றவர் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதனால் குடித்து முடித்தார். காசை அவரே கொடுத்தார்.

வண்டியில் ஏறிய பிறகுதான் சொன்னார். "மொகம் சுளிச்சா அவருக்கு வருத்தமா இருக்கும்லா, அதான் குடிச்சேன். அது பதனி இல்ல தம்பி. தண்ணியில சாக்கரின் போட்டு, சுண்ணாம்புத் தெளிவு ஊத்திருக்கான். மரம் ஏற ஆள் கிடைக்காட்டி அவனும் என்ன செய்வான்?"

பனைகள் நிற்கிற ஊரில், பனை மாநில மரமாக இருக்கிற மாநிலத்தில், ஒரு விருந்தாளிக்குச் சட்டப்படி கிடைத்த உள்ளூர்க் குடி அது. சுண்ணாம்பு மட்டும் சரியாக இருந்தது.